கம்ராவும் கேமராவும் ஒரே சொல்லா?

கேள்வி இது: இந்தியில் ‘கம்ரா’ என்றால் அறை. நாம் ‘கேமரா’ என்பது படம் பிடிக்கும் கருவி. இத்தாலிய விடுதிகளில் அறைக்கும் ‘காமெரா’ என்றுதான் எழுதியிருக்கிறது. இவை தற்செயலாக ஒத்து ஒலிக்கின்றனவா, அல்லது ஒரே சொல்லா? ஒரே சொல் என்றால் அறை எப்படிக் கருவி ஆனது?

ஒரே சொல்தான். மூலம் லத்தீன் ‘காமெரா’. ஆனால் லத்தீனில் அதன் முதற்பொருள் அறையும் இல்லை, கருவியும் இல்லை, வளைந்த கூரை. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் பிடிபடும்.

லத்தீன் இந்தச் சொல்லைக் கிரேக்கத்திடம் வாங்கியது. கிரேக்கத்தில் ‘கமாரா’ என்பது மேலே வளைந்து மூடிய எதற்கும் பெயர். பாபிலோனியச் செல்வப் பெண்கள் ஏறிவந்த கூண்டு வண்டியைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். கருங்கடல் கொள்ளையர்களின் படகுக்கும் ‘கமாரா’ என்றே பெயர் என்று எழுதுகிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. 25 பேர், மிஞ்சிப்போனால் 30 பேர் ஏறக்கூடிய ஒடுங்கிய இலேசான படகு அது. அதற்கு ஏன் கூரையின் பெயர் என்ற கேள்விக்கு விடை ரோமானிய வரலாற்றாசிரியர் தசிட்டஸிடம் கிடைக்கிறது. கடல் கொந்தளிக்கும்போது படகோட்டிகள் பக்கப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்திக்கொண்டே போய், கடைசியில் கூரைபோல மேலே மூடிவிடுவார்களாம்.

ரோமானியக் கட்டடக்காரர்களுக்கோ இது ஒரு தொழிற்சொல். கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலின் 7ஆம் பகுதியில் ‘காமெரா’ அமைக்கும் முறை வரிசையாக வருகிறது. முதலில் மரச்சட்டங்களை வளைவாக நிறுத்த வேண்டும். இரண்டு சட்டங்களுக்கு இடையே இரண்டடிக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. சட்டத்துக்கு சைப்ரஸ் மரம் நல்லது, ஃபிர் மரம் உளுத்துச் சீக்கிரம் கெட்டுவிடும் என்று எச்சரிக்கிறார். சட்டங்களை மேல்தளத்தோடு மரத்துண்டுகளால் பிணைத்து ஆணியடிக்க வேண்டும். பிறகு நசுக்கிய நாணல்களை ஒரு வகைச் செடியின் நாரில் திரித்த கயிற்றால் அந்த வளைவில் வரிந்து கட்ட வேண்டும். அடிப்பக்கத்தில் சாந்து பூசி, மணல் கலவையால் சமன்செய்து, கடைசியில் சுண்ணம் அல்லது சலவைக்கல் பொடியால் மெருகேற்ற வேண்டும். இவ்வளவையும் செய்து முடித்தபின் தலைக்குமேல் நிற்கிறதே, அந்த வளைவுதான் காமெரா. சுவரும் தரையும் அதில் சேர்த்தி இல்லை.

கூரையின் பெயர் அறைக்கு வந்தது எப்படி என்பதை நம் இலக்கணம் ஒரே சொல்லில் சொல்லிவிடும்: சினையாகுபெயர். ‘தலைக்கு ஒரு படி நெல்’ என்னும்போது தலை முழு ஆளையும் குறிக்கிறதே, அதே நடப்பு. வளைவுக்கூரை போட்ட அறையைக் கூரையின் பெயராலேயே கூப்பிட்டார்கள். பிற்கால லத்தீனில் கூரை எப்படி இருந்தாலும் அறை என்றால் ‘காமெரா’ என்றாகிவிட்டது. ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் சொல்லைப் பெற்றன. ஆகவே அங்கே ‘அறை’தான் அடிப்படைப் பொருள், கருவிப் பொருள் மிகப் பிந்தியது.

பிரெஞ்சில் இது ‘ஷாம்ப்ர்’ ஆனது. முதலில் பார்க்கும்போது காமெராவுக்கும் ஷாம்ப்ருக்கும் ஒட்டும் உறவும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் நடந்தவை மூன்றே மாற்றங்கள், மூன்றும் ஒழுங்கானவை. லத்தீனில் சொல்லின் முதலில் ‘கா’ என்று இருந்தது பிரெஞ்சில் முதலில் ‘ச’, பிறகு ‘ஷ’ என்று மாறும். அழுத்தம் இல்லாத நடு உயிர் விழுந்துவிடும்; ‘காமெரா’ ‘காம்ரா’ ஆகும். மூன்றாவது மாற்றம்தான் சுவையானது: மகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே எங்கிருந்தோ ஒரு ப் முளைக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே தெரியும். ‘காம்ரா’ என்பதை வேகமாகப் பத்து முறை சொல்லுங்கள். ம் சொல்லும்போது உதடு மூடியிருக்கிறது, மூச்சு மூக்கு வழியாகப் போகிறது. அடுத்த ர் வருவதற்கு உதடு திறக்க வேண்டும், மூக்கு வழி அடைபட வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் நடந்தால் சிக்கல் இல்லை. மூக்கு வழி கொஞ்சம் முந்தி அடைபட்டு, உதடு இன்னும் மூடியே இருந்தால், அந்தக் கணத்தில் வாயில் இருக்கும் ஒலி ப்-தான். பிழையாகத் தொடங்கிய ஒலியே நாளடைவில் சொல்லின் உறுப்பாக நிலைத்துவிடும். இது பிரெஞ்சுக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ண வேண்டாம். சமஸ்கிருத ‘ஆம்ர’ (மாம்பழம்) பிராகிருதத்தில் ‘அம்ப’ ஆனதும், ‘தாம்ர’ (செம்பு) இந்தியில் ‘தாம்பா’ ஆனதும் இதே வாய்க்குள் நடந்த இதே விபத்துதான். ஆங்கிலம் பிரெஞ்சிடமிருந்து வாங்கியதால் அங்கே ‘சேம்பர்’. ‘ச’ ஒலி ‘ஷ’வாக மாறும் முன்பே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது என்பதற்கும் அந்தச் சகரமே சாட்சி.

இனி இன்றைய மொழிகளில் இது எந்தப் பொருளில் நிற்கிறது என்று பார்ப்போம். அகராதியில் ‘அறை’ என்று ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினால் மாட்டிக்கொள்வோம். டச்சில் ‘காமர்’ என்பது எந்த அறைக்கும் பொதுச்சொல். படுக்கையறை, குளியலறை எல்லாமே காமர்தான். ஜெர்மனில் அறைக்குப் பொதுச்சொல் ‘ட்சிம்மர்’; ‘கம்மர்’ என்றால் சிற்றறை, சரக்கு வைக்கும் உள்ளறை அல்லது ஒரு மன்றம். பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது படுக்கையறை. வீட்டில் எத்தனை அறை என்று எண்ணும்போது பிரெஞ்சுக்காரர்கள் ‘பியேஸ்’ என்ற வேறு சொல்லைத்தான் எண்ணுவார்கள். ‘இரண்டு பியேஸ் வீடு’ என்பதை ‘இரண்டு படுக்கையறை வீடு’ என்று மொழிபெயர்த்தால் ஓர் அறை கூடிப்போகும். உண்மையில் அங்கே ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான் இருக்கும். ஸ்பானியத்தில் ‘காமரா’ வீட்டை விட்டே வெளியேறிவிட்டது. வீட்டு அறைக்கு வேறு சொற்கள் உண்டு. ஆனால் மெக்சிகோவில் ‘ரெகாமரா’ என்றால் படுக்கையறை. அதே சொல் பிற இடங்களில் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையையும் குறிக்கும்.

ஹங்கேரிய மொழி இதில் ஒரு தனிப் பாடம். எழுத்தில் ‘கம்ரா’ என்றால் உணவுப்பொருள் வைக்கும் அறை, ‘கமரா’ என்றால் தொழில்முறை மன்றம், ‘கமெரா’ என்றால் படக்கருவி. நடுவில் ஓர் உயிர் இல்லாதது, இருப்பது, மாறுவது என்பதிலேயே மூன்று சொற்கள். ருமேனிய மொழியிலும் இப்படி உண்டு: ‘காமெர’ அறை, ‘கமார’ சரக்கறை. ஒரே மூலச்சொல் ஒரே மொழிக்குள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியாக வந்து சேர்ந்தால் இப்படித்தான் இரட்டையாக நிற்கும்.

நம் பக்கத்து மொழிகளிலும் இந்த இரட்டை இருக்கிறது. 1498இல் வாஸ்கோ ட காமா வந்தபின், 1510இல் கோவாவைப் பிடித்தபின், போர்ச்சுக்கீசியர்களின் வீட்டுச் சொற்கள் கரையேறின. அவர்களுடைய ‘காமரா’தான் இந்தியில் ‘கம்ரா’, வங்காளியில் ‘காம்ரா’, சிங்களத்தில் ‘காமரய’. வங்காளியில் ரயில் பெட்டிக்கும் காம்ராதான். பல நூற்றாண்டு கழித்து ஆங்கிலத்தின் வழியே கருவி வந்தபோது அதே சொல் இரண்டாம் முறையாக நுழைந்தது: இந்தியில் ‘கைம்ரா’, சிங்களத்தில் ‘கெமராவ’. பேசுகிறவர்களுக்கு இவை இரண்டும் ஒட்டாத இரு சொற்கள். தமிழிலும் தஞ்சைப் பக்கத்துப் பேச்சில் ‘காமிரா உள்’ என்றொரு வழக்கு உண்டு. ‘உள்’ என்றாலும் அறைதான், ‘காமிரா’ என்றாலும் அறைதான். பொருள் மறந்த சொல்லுக்குத் தெரிந்த சொல் துணை நின்றிருக்கிறது.

அந்தக் கம்ராவுக்குள் இருக்கிற பொருள்களின் பெயர்களும் அதே கப்பலில் வந்தவைதான் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஜன்னல் போர்ச்சுக்கீசிய ‘ஜனேலா’, சாவி ‘ஷாவெ’, மேசை ‘மேசா’, அலமாரி ‘அர்மாரியோ’, இலங்கைத் தமிழில் நாற்காலிக்கு வழங்கும் கதிரை ‘கதெய்ரா’. ஐந்தும் லத்தீன் வழியே போர்ச்சுக்கீசியத்துக்கு வந்தவை. இந்தோனேசியாவுக்கு மட்டும் வேறு கப்பல். அங்கே அறைக்கு வழங்கும் ‘கமார்’ டச்சுக்காரர்களின் ‘காமர்’. ‘கமார் மண்டி’ என்றால் குளியலறை. கருவிக்கு அங்கும் ‘கமேரா’ என்று தனிச்சொல்.

அடுத்த திருப்பம் அறையிலிருந்து மனிதர்களுக்கு. இதற்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது: இடவாகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்பதுபோல, அறையில் கூடியவர்களை அறையின் பெயரால் அழைத்தார்கள். இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவை ‘காமெரா’. முன்பு 630 பேர், 2022 தேர்தல் முதல் 400 பேர். நெதர்லாந்தின் கீழவை ‘இரண்டாம் காமர்’; 150 பேர். துருக்கியில் இங்கிலாந்தின் மக்களவையைச் சொல்லும்போது ‘கமரா’ வரும். அதே துருக்கியில் தனியாக நிற்கும் ‘கமரா’ கப்பலில் உள்ள சிற்றறை. வணிகர் சங்கத்துக்கு ‘சேம்பர்’ என்ற பெயர் வந்ததும் இவ்வழியே. 1599இல் மார்செய் நகரில் தொடங்கியது அப்பெயர் கொண்ட முதல் சங்கம்.

இந்த இடத்தில் போர்ச்சுக்கீசியத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. போர்ச்சுகலில் ‘காமரா முனிசிபால்’ என்றால் நகரை நிர்வகிக்கும் அமைப்பு. அதன் தலைவர்தான் மேயர். பிரேசிலில் அதே ‘காமரா முனிசிபால்’ நகர மன்றம், அதாவது சட்டம் இயற்றும் அவை. நிர்வாகம் ‘ப்ரெஃபெய்துரா’ என்ற வேறு அமைப்பிடம் இருக்கிறது. ஆகவே ‘காமராவின் தலைவர்’ என்று ஒரு செய்தியில் வந்தால், லிஸ்பன் செய்தியானால் மேயர். பிரேசிலியச் செய்தியானால் அவைத்தலைவர், பெரும்பாலும் 513 பேர் கொண்ட தேசியக் கீழவையின் தலைவர். எழுத்திலும் ஒரு வேறுபாடு: பிரேசிலில் அவைக்கு ‘காமரா’, கருவிக்கு ‘காமெரா’ என்று பிரித்து எழுதுகிறார்கள். போர்ச்சுகலில் இரண்டுக்கும் ‘காமரா’தான் வழக்கம்.

அரசனின் உள்ளறையில்தான் பணப்பெட்டியும் இருந்தது. அதனால் காமெராவுக்குக் கருவூலம் என்ற பொருளும் ஏறியது. ஜெர்மன் நகரங்களில் நிதிப் பொறுப்பாளர் ‘கெம்மரர்’. போலந்தில் ‘கொமோர்னிக்’ என்றால் நீதிமன்ற ஆணைப்படி சொத்தைப் பறிமுதல் செய்ய வரும் அலுவலர். ‘கொமோரா’ என்ற அறைச்சொல்லிலிருந்து வந்தவர். போப் இறந்தால் அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை வாத்திகனின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டினலுக்கு ‘கமெர்லெங்கோ’ என்று பெயர். இந்தச் சொல் போய்வந்த தூரம் அதிகம். லத்தீன் காமெரா ஜெர்மானியர்களிடம் போய், ‘-லிங்’ என்ற அவர்களுடைய விகுதியை ஒட்டிக்கொண்டு, மறுபடி இத்தாலிக்கு வந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘சேம்பர்லெய்ன்’ இதே சொல்தான்.

உணவகத்தில் பரிமாறுபவருக்கு இத்தாலியத்தில் ‘கமெரியெரே’, ஸ்பெயினில் ‘கமரேரோ’. அறையில் எசமானுக்குப் பணிவிடை செய்தவரின் பெயர் மேசைக்குப் பணிவிடை செய்பவருக்கு வந்தது.

காம்ரேட் என்ற சொல்லும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஸ்பானியத்தில் ‘கமராதா’ என்றால் முதலில் ஒரு தனி ஆள் இல்லை. ஓர் அறையில் சேர்ந்து தங்கும் படைவீரர்களின் கூட்டம். தொகுதியைக் குறிக்கும் விகுதி என்பதால் இலக்கணப்படி பெண்பால். பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவரையே ‘கமராதா’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். பிரெஞ்சின் ‘கமராத்’, அதன்வழி ஆங்கிலத்தின் ‘காம்ரேட்’. ஆக, சொற்பொருளை நேராகப் பிரித்தால் தோழர் என்பதைவிட அறைத்தோழர் என்பதே நெருக்கம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. இத்தாலியத்தில் இடதுசாரிகள் ஒருவரையொருவர் ‘கம்பாஞ்ஞோ’ என்பார்கள். அதற்கு ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்று வேர்ப்பொருள். ‘கமெராத்தா’ பாசிஸ்டுகள் தங்களுக்குள் வழங்கிய விளி. ஆங்கில ‘காம்ரேட்’டை ஒலி பார்த்து ‘கமெராத்தா’ என்று இத்தாலியத்தில் மாற்றினால் ஆளைக் கட்சி மாற்றிவிட்டதாகும். இன்னொரு ஸ்பானியச் சொல் ‘கமரில்யா’, சின்ன அறை. மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டைச் சுற்றி இருந்து, பதவி எதுவும் இல்லாமல் காதில் ஓதியே ஆட்சியை நடத்திய கூட்டத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. இன்று பல ஐரோப்பிய மொழிகளில் அப்படிப்பட்ட எந்தக் கூட்டத்துக்கும் அதுவே பெயர்.

இப்போது கருவிக்கு வருவோம். இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளை இருந்தால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இதற்கு லத்தீனில் ‘காமெரா ஒப்ஸ்குரா’ என்று பெயர். ‘ஒப்ஸ்குரா’ என்றால் இருண்ட. வானியலாளர் கெப்ளர் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இந்தத் தொடரைப் பயன்படுத்தினார். இங்கே காமெரா என்பது உண்மையிலேயே மனிதர் நுழைந்து நிற்கும் அறை. பெயரின் நியாயம் புரிய வேண்டுமானால் ஒரு முறை செய்து பார்த்துவிடுவதே நல்லது, செலவு ஏதும் இல்லை.

வெளியே வெயில் விழும் காட்சி தெரிகிற ஜன்னல் உள்ள அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலைக் கறுப்பு அட்டையால் முழுக்க மூடி, ஓரங்களில் ஒட்டுநாடா போட்டு, கதவிடுக்கையும் அடையுங்கள். அட்டையின் நடுவே சுமார் 1 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை. எதிரே 2 அல்லது 3 மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரோ கட்டிய வெள்ளைத் துணியோ இருக்கட்டும். உள்ளே போய்ப் பத்து நிமிடம் பொறுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். வானம் கீழேயும் தரை மேலேயுமாக, இடவலமும் மாறி, நிறங்களோடு வெளியுலகம் சுவரில் அசையும். ஒளி நேர்கோட்டில் போவதுதான் காரணம். மரத்தின் உச்சியிலிருந்து துளை வழியே இறங்கி வரும் கதிர் சுவரின் கீழ்ப்பகுதியில்தானே விழ முடியும்.

படம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் வெளிச்சம் வேறெங்கோ கசிகிறது, அல்லது வானம் மூடியிருக்கிறது. மங்கலாகக் கலங்கித் தெரிந்தால் துளை பெரிது. துளையைச் சிறிதாக்கினால் படம் கூர்மையாகும், ஆனால் ஒளி குறையும். அட்டை தடிமனாக இருந்தால் துளை ஒரு குழாய்போல ஆகி, படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும். துளை போடும் இடத்தில் மட்டும் மெல்லிய தகடு ஒட்டினால் சரியாகும்.

அந்த அறை பின்னாளில் சுருங்கியது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் துளையில் வில்லை பொருத்தி, உள்ளே கண்ணாடி வைத்து, கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாகவே செய்தார்கள். ஓவியர்கள் காட்சியைப் படியெடுக்கப் பயன்பட்டது. பெட்டியாக ஆனபின்னும் பெயர் ‘இருட்டறை’தான். 1826, 1827 வாக்கில் பிரெஞ்சுக்காரர் நியெப்ஸ் தம் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சியைத் தகட்டில் நிலைக்கச் செய்ததும் இந்த இருட்டறைப் பெட்டி ஒன்றில்தான். 1839இல் டாகெர் என்பவரின் படமெடுக்கும் முறை அறிவிக்கப்பட்டு ஒளிப்படம் பரவியபோது கருவியின் பெயர் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது. புழக்கத்தில் ‘இருண்ட’ என்ற அடைமொழி உதிர்ந்து ‘காமெரா’ மட்டும் மிஞ்சியது. மொபைல் ஃபோன் ‘மொபைல்’ ஆனதற்கு நேர்மாறு இது. அங்கே அடைமொழி நின்றது, பெயர் போனது. இங்கே பெயர் நின்றது, அடைமொழி போனது. வேறுபடுத்திக் காட்டிய சொல்லே போய்விட்டதால்தான் ‘அறை’ என்ற பெயர்ப்பலகை கருவியின்மேல் தொங்குகிறது.

1806இல் ஆங்கில அறிவியலாளர் வொல்லாஸ்டன் காப்புரிமை பெற்ற ‘காமெரா லூசிடா’ என்ற வரைகருவி, இந்தப் பெயர் எவ்வளவு தூரம் பொருள் கழன்றுவிட்டது என்பதைக் காட்டுகிறது. பெயருக்கு ‘ஒளியறை’ என்று பொருள். அங்கே அறையும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு தண்டின் முனையில் ஒரு பட்டகம் (ப்ரிஸம்), அவ்வளவுதான். மறுபுறம், ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராட்கிளிஃப் கேமராவைப் பார்க்கப் போய் படக்கருவியைத் தேடுகிறவர்கள் உண்டு. அது 1737 முதல் 1749 வரை கட்டிய வட்டமான நூலகம். கட்டி முடித்தபோது ஒளிப்படம் பரவ இன்னும் ஏறத்தாழ 90 ஆண்டு இருந்தது. மேலே கவிந்திருக்கும் குவிமாடத்தைப் பார்க்கும்போது, அந்தப் பெயர் பழைய கூரைப்பொருளுக்கும் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று வியக்கலாம்.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்தியாக வேண்டும். கேமரா என்ற சொல் அரபு மொழியின் ‘கும்ரா’விலிருந்து வந்தது, அரபு அறிவியலாளர் இப்ன் அல்-ஹைதம் சூட்டியது என்று இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அவருடைய பெருமையில் ஐயமே இல்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துளைவழி விழும் படத்தை அவர் ஆராய்ந்த ஆழம் வேறு யாருக்கும் அன்று வாய்க்கவில்லை. ஆனால் அவர் இருட்டறைக்குச் சொன்ன பெயர் ‘அல்-பைத் அல்-முஜ்லிம்’, அதாவது இருண்ட வீடு. விட்ருவியஸ் ‘காமெரா’ என்று எழுதியதோ அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால். ஆராய்ச்சியின் பெருமை அவருக்கு உரியது. சொல்லின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் குழப்ப வேண்டிய தேவையே இல்லை.

கருவிப் பொருளிலும் எல்லா மொழியும் ஒன்றுபோல் இல்லை. ஆங்கிலத்திலும் தமிழிலும் அசையாப் படத்துக்கும் அசையும் படத்துக்கும் ஒரே கேமரா. பிரெஞ்சில் ‘காமெரா’ என்றால் திரைப்படம், காணொளி எடுப்பது. அசையாப் படம் எடுப்பது ‘அபாரெய் ஃபோட்டோ’. போலந்திலும் ரஷ்யாவிலும் ஏறத்தாழ இதே பிரிவு. இத்தாலியத்தில் வெறும் ‘காமெரா’ என்று கேட்டால் அறைதான் நினைவுக்கு வரும். படக்கருவிக்கு ‘ஃபோட்டோகாமெரா’ அல்லது ‘மாக்கினா ஃபோட்டோகிராஃபிகா’, தொலைக்காட்சிக்கு ‘தெலெகாமெரா’. ஸ்பெயினில் பெண்பாற் சொல்லாக ‘லா காமரா’ என்றால் கருவி, ஆண்பாலாக ‘எல் காமரா’ என்றால் அதை இயக்கும் ஆள்.

ரஷ்ய மொழியில்தான் மிகுந்த கவனம் தேவை. ‘காமெரா’ என்பது சிறை அறை, காணொளிக் கருவி, டயருக்குள் இருக்கும் ட்யூப் மூன்றுமே. ரயில் நிலையத்தில் பெட்டி படுக்கையைக் கொடுத்துவைக்கும் இடமும் ‘பாதுகாப்பு காமெரா’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கண்காணிப்புக் கேமரா என்று ஆகிவிடும். ட்யூபுக்கு இந்தப் பெயர் பிரெஞ்சு, இத்தாலியம், போர்ச்சுக்கீசியம் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அவை ‘காற்று அறை’ என்று முழுமையாகச் சொல்லும். ரஷ்யன் காற்றை விட்டுவிட்டது. சைக்கிள் பழுதுபார்க்கும் குறிப்பில் காமெரா வெடித்தது என்று வந்தால் வெடித்தது ட்யூப்தான். பொதுவாகவே, இந்தச் சொல்லைக் கண்டதும் அடுத்து நிற்கும் சொல்லைப் பாருங்கள். காற்று, வணிகம், இசை, குளிர், படுக்கை என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அதுவே பொருளைச் சொல்லிவிடும். ஒன்றும் ஒட்டாமல் தனியாக நின்றால் மட்டும் எந்த நாட்டு எழுத்து என்று பாருங்கள்.

நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘இன் கேமரா’ தமிழில் அடிக்கடி தலைகீழாகிறது. லத்தீனில் அதற்கு ‘அறைக்குள்’ என்று பொருள். பொதுமக்களையும் செய்தியாளர்களையும் வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் விசாரணை. ‘கேமரா முன் விசாரணை’ என்று எழுதினால் யாரும் பார்க்கக்கூடாத ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி ஆக்கிவிட்டோம். ‘மூடிய அறை விசாரணை’ என்பதே சரி. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பதற்காகத்தான் பல வழக்குகளில் அந்த அறை மூடப்படுகிறது. அதனால் இந்தப் பிழையை மட்டும் சும்மா விடக்கூடாது.

உறவே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் சொற்களும் சில உண்டு. ரஷ்ய மொழியில் வீட்டு அறைக்கு வழங்கும் ‘கோம்னதா’, கணப்பு உள்ள அறை என்று பொருள்படும் ‘கமினாத்தா’ என்ற வேறு லத்தீன் சொல். ஸ்பானிய ‘காமா’ (கட்டில்) படுக்கையறையில் இருப்பதால் மட்டும் உறவாகிவிடாது. போர்ச்சுக்கீசிய ‘கமராவ்’ இறால். அதன் பன்மையிலிருந்துதான் ஓர் ஆறும் பிறகு கேமரூன் நாடும் பெயர் பெற்றன.

கடைசியாக, சொல் புறப்பட்ட கிரேக்கத்துக்கே திரும்பிப் பார்த்தால் அங்கே மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் அசையில் அழுத்திக் ‘காமரா’ என்றால் அறை. லத்தீனுக்குப் போய்ப் பொருள் மாறித் திரும்பி வந்தது. ‘காமெரா’ என்றால் படக்கருவி. உலகம் சுற்றி வந்தது. இரண்டாம் அசையில் அழுத்திக் ‘கமாரா’ என்றால் இன்றும் வளைவு. தெசலோனிக்கி நகரின் நடுவே, சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசர் கலேரியஸுக்காக எழுப்பிய வெற்றி வளைவு நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைக் ‘கமாரா’ என்றே சொல்கிறார்கள். சந்திப்பதென்றால் பெரும்பாலும் அதன் அடியில்தான்.